கடவுச்சொல் கைக்கு வந்தால் தளம் உங்களுடையதா?

கேள்வி: ஒரு இணையதளத்தை முழுப் பணம் கொடுத்து வாங்கினேன். டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) உள்ள கணக்கின் கடவுச்சொல்லை விற்றவர் தந்தார். மூன்று மாதம் கழித்து உள்ளே நுழைய முடியவில்லை.

பதில்: உங்கள் மேல் தப்பில்லை, நம்பிக் கொடுத்திருக்கிறீர்கள். கணக்கு இன்னும் அவருடைய மின்னஞ்சலில்தான் இருக்கிறது. ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ என்று ஒரு முறை அழுத்தினால் போதும், தளம் அவர் கைக்குத் திரும்பிவிடும். ஒப்பந்தம், பணம் அனுப்பிய ரசீது, கடிதப் போக்குவரத்து எல்லாவற்றையும் திரட்டி டொமைனைப் பதிவு செய்து தரும் நிறுவனமான ரெஜிஸ்ட்ராருக்கு இன்றே எழுதுங்கள். ஒரு வழக்கறிஞரையும் பாருங்கள். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரையே ரெஜிஸ்ட்ரார் உரிமையாளராக நடத்துவார்.

கடவுச்சொல்லைக் கொடுத்து ‘விற்றுவிட்டேன்’ என்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அது சாவியின் நகல், பத்திரம் அல்ல. இருவருக்கும் ஒரே ரெஜிஸ்ட்ரார் என்றால், டொமைனை உங்கள் கணக்குக்குத் தள்ளிவிடச் சொல்லுங்கள். வேறு வேறு என்றால், விற்பவர் டொமைன் மாற்றத்தைத் தடுக்கும் பூட்டை நீக்கி, மாற்றத்துக்கான ரகசியக் குறியீடான ஆத் கோடு தர வேண்டும்; அதை உங்கள் ரெஜிஸ்ட்ராரிடம் கொடுத்து மாற்றம் கேட்க வேண்டும். பழைய ரெஜிஸ்ட்ரார் மறுக்காவிட்டால் 5 நாளில் வந்துவிடும். அதுவரை பணம் எஸ்க்ரோவில், அதாவது நடுநிலையான மூன்றாம் தரப்பிடம், இருக்கட்டும்.

கேள்வி: டொமைனை வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்ற 60 நாள் காத்திருக்கச் சொல்கிறார்கள். ஏமாற்றா?

பதில்: இல்லை. டாட் காம் போன்றவை புதிதாகப் பதிவானாலோ, அண்மையில் ரெஜிஸ்ட்ரார் மாறியிருந்தாலோ அந்தப் பூட்டு விழும். உரிமையாளர் பெயரை மாற்றினாலும் பல இடங்களில் விழும். அதனால் முதலில் டொமைனை நகர்த்துங்கள், பெயரைப் பிறகு மாற்றுங்கள்.

கேள்வி: விலை குறைவு என்று அவசரமாக வாங்கினேன். அடுத்த வாரமே டொமைன் காலாவதியாகிவிட்டது.

பதில்: டொமைனின் பதிவு விவரங்களைக் காட்டும் ஆர்டிஏபி தேடலில் காலாவதி தேதி கண்ணெதிரே இருக்கும். அதைக்கூடப் பார்க்காமலா பணம் கொடுத்தீர்கள்? விற்றவரை உடனே புதுப்பிக்கச் சொல்லுங்கள். டாட் காம் என்றால், ரெஜிஸ்ட்ரார் அழித்த பிறகும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, கட்டணம் கூடுதல். அதுவும் போனால் கைவிட்டுப் போயிற்று.

கேள்வி: தளத்தில் கூகுள் விளம்பரம் போட்டுச் சம்பாதிக்கும் ஆட்சென்ஸ் கணக்கையும் சேர்த்துத் தருகிறாராம்.

பதில்: அந்தக் கணக்கை வேறொருவருக்கு மாற்ற முடியாது. புதிதாக விண்ணப்பியுங்கள்.

கேள்வி: ஹோஸ்டிங் (தளத்தின் கோப்புகள் இருக்கும் சர்வர் சேவை) மாற்றினேன். மின்னஞ்சல் நின்றுவிட்டது, தளத்தில் எழுதிய கட்டுரைகளும் காணவில்லை.

பதில்: டொமைன் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் நேம்சர்வரை மாற்றும் முன், மின்னஞ்சலை வழிநடத்தும் பழைய எம்எக்ஸ் பதிவுகளையும், சரிபார்ப்புக்கான டிஎக்ஸ்டி பதிவுகளையும் புது இடத்தில் எழுதியிருக்க வேண்டும். தளத்தை நடத்தும் மென்பொருள் வேர்ட்பிரஸ் என்றால், கட்டுரைகள் கோப்புகளில் இல்லை, தரவுத்தளத்தில் இருக்கின்றன; அதை எஸ்க்யூஎல் கோப்பாக (தரவுத்தளத்தின் நகல்) எடுத்துப் புது ஹோஸ்டிங்கில் ஏற்றுங்கள். பழைய ஹோஸ்டிங்கை உடனே நிறுத்தாதீர்கள்.

கேள்வி: கடவுச்சொற்களை மாற்றிவிட்டேன். இனி விற்றவர் நுழைய முடியாதல்லவா?

பதில்: முடியும். வேர்ட்பிரஸில் நிர்வாகிகள் பட்டியலைத் திறந்து தெரியாத பெயர்களை நீக்குங்கள். கோப்புகளை ஏற்றி இறக்கும் எஃப்டிபி பயனர்களையும், தரவுத்தளக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். வேர்ட்பிரஸின் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பிலுள்ள, உள்நுழைவைக் காக்கும் ரகசியச் சால்ட் வரிகளைப் புதிதாக்கினால், உள்ளே இருப்பவர்கள் அனைவரும் வெளியேறிவிடுவார்கள். கூகுள் தேடலில் தளத்தைக் கண்காணிக்கும் சர்ச் கன்சோலில் விற்றவருடைய சரிபார்ப்புக் கோப்பையோ டிஎக்ஸ்டி பதிவையோ அழிக்காவிட்டால், பயனரை நீக்கினாலும் அவர் மீண்டும் உரிமையாளராகலாம். பிளகின் (தளத்தில் சேர்க்கும் கூடுதல் மென்பொருள்) உரிமங்கள் யார் பெயரில் என்றும் கேளுங்கள். நான் வாங்கிய ஒரு தளத்தில் அவை விற்றவர் பெயரிலேயே இருந்து, புதுப்பிப்புகள் நின்றுபோயின.