ஃப்ரீலான்ஸில் மாதம் 45,000 வருகிறது, வேலையை விடலாமா?

கேள்வி: எனக்கு வயது 31. கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வெப் டெவலப்பராக 4 ஆண்டு 3 மாதமாக இருக்கிறேன். அதற்கு முன் சென்னையில் வேறொரு நிறுவனத்தில் 3 ஆண்டு. கைக்கு வரும் சம்பளம் 61,400 ரூபாய், பேசிக் 26,000. ஒன்றரை வருடமாக இரவிலும் வார இறுதியிலும் ஃப்ரீலான்ஸ் வேலை செய்கிறேன். மாதம் சராசரியாக 45,000 வருகிறது. அதில் 30,000-க்கு மேல் தருவது ஆஸ்திரேலியாவில் உள்ள ஒரே ஒரு ஏஜென்சி. மீதி கோவை, திருப்பூர் வாடிக்கையாளர்கள். அவர்களில் ஒரு பனியன் கம்பெனி 38,000 ரூபாய் பில்லை ஐந்து மாதமாக இழுத்தடிக்கிறது. மனைவி வேலைக்குப் போகவில்லை, மகளுக்கு 3 வயது. பெற்றோர் எங்களோடுதான், அப்பாவுக்குச் சர்க்கரை நோய். வீட்டுச் செலவு 45,000. எஃப்டியில் 3.2 லட்சம் இருக்கிறது. கடன் வாங்கி வீடு வாங்கும் எண்ணமும் உண்டு. முழுநேரம் இறங்கினால் வருமானம் இரட்டிப்பாகும் என்று நம்புகிறேன். வேலையை விடலாமா?

பதில்: விடலாம். ஆனால் இப்போது வேண்டாம், இன்னும் ஒன்பது மாதம் பொறுங்கள்.

முதலில் அந்த "இரட்டிப்பு" கணக்கைப் பார்ப்போம். இப்போது இரவில் உட்காரும் நேரம் முழுவதும் வேலை செய்கிறீர்கள். வேலையும் தானாக வருகிறது. பகலும் கையில் கிடைத்தால் அதில் பாதி புது ஆள் தேடுவது, கொட்டேஷன் போடுவது, "ஒரு சின்ன மாற்றம்தான் சார்" என்று ஆரம்பிக்கும் போன்களைச் சமாளிப்பது, பணம் கேட்டு நினைவூட்டுவது என்றே போய்விடும். இதற்கெல்லாம் யாரும் காசு தருவதில்லை. நேரம் இரட்டிப்பானால் வருமானமும் இரட்டிப்பாகும் என்று எதுவுமில்லை.

அடுத்து, எத்தனை ரூபாய் வந்தால் இப்போதைய சம்பளத்துக்குச் சமம்? 61,400 என்று நினைத்தால் ஏமாந்துவிடுவீர்கள். பிஎஃப்பில் உங்கள் பங்கு 3,120, கம்பெனி பங்கு இன்னொரு 3,120. 26,000 பேசிக்குக் கிராஜுவிட்டி (பணிக்கொடை) ஆண்டுக்கு 15,000 சேர்கிறது, மாதத்துக்கு 1,250. கம்பெனி தரும் குரூப் மருத்துவக் காப்பீட்டுக்கு ஈடாக நீங்களே வெளியே பாலிசி எடுத்தால், சர்க்கரை உள்ள அப்பாவையும் சேர்த்து ஆண்டுக்கு 70,000 வரை ஒதுக்க வேண்டியிருக்கும். மாதம் 6,000 என்று வையுங்கள். இதுவரை கூட்டினால் கிட்டத்தட்ட 75,000. லேப்டாப் தேய்மானம், சாஃப்ட்வேர் சந்தா, இன்டர்நெட், யுபிஎஸ், ஆடிட்டர் ஃபீஸ் என்று மாதம் 6,000 சேர்த்தால் 81,000. இன்னொன்றும் உண்டு. பொங்கல், தீபாவளி, காய்ச்சல், ஊர்க் கல்யாணம் எல்லாவற்றுக்கும் இப்போது சம்பளத்தோடு லீவு. நாளை அதுவும் உங்கள் செலவுதான். பன்னிரண்டு மாதச் செலவைப் பதினொரு மாத உழைப்பில் எடுக்க வேண்டும் என்றால் 88,000 ஆகிறது.

ஆக, உங்கள் இலக்கு 88,000. ஏதோ ஒரு நல்ல மாதத்தில் வருவதைச் சொல்லவில்லை, வேலை செய்யும் பதினொரு மாதங்களின் சராசரியைச் சொல்கிறேன்.

ஃப்ரீலான்ஸுக்குப் போனால் வரி மிச்சம் என்று நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். உங்கள் நிலையில் அது ஒரு காரணமே இல்லை. தகவல் தொழில்நுட்பத் தொழில்முறையாளர்கள் வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவில், வந்த தொகையில் குறைந்தது பாதியை லாபமாகக் காட்டி அதற்கு மட்டும் வரி கட்டலாம். கணக்குப் புத்தகம் தேவையில்லை. (2026 ஏப்ரல் முதலான புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்தான் வேறு, வசதி தொடர்கிறது.) ஆண்டு வரவு 50 லட்சம் வரை இது பொருந்தும், ரொக்கமாக வந்தது 5 சதவீதத்தைத் தாண்டவில்லை என்றால் 75 லட்சம் வரை. மாதம் 88,000 என்றால் பதினொரு மாதத்துக்கு சுமார் 9.7 லட்சம், பாதி போட்டால் 4.8 லட்சம், புதிய வரி முறையில் வரி பூஜ்யம். ஆனால் உங்கள் இப்போதைய சம்பளத்துக்கும் பூஜ்யம்தானே? 2025-26 முதல் 12 லட்சம் வருமானம் வரை வரி இல்லை. சம்பளக்காரருக்கு 75,000 நிலையான கழிவும் சேர்ந்து 12.75 லட்சம். வித்தியாசம் தெரிவது மேலே போகும்போது. ஆண்டுக்கு 24 லட்சம் சம்பளம் வாங்குபவர் சுமார் 2.9 லட்சம் வரி கட்டுவார். அதே 24 லட்சத்தை ஃப்ரீலான்ஸில் ஈட்டி, பாதியை லாபமாகக் காட்டுபவருக்கு வரியே வராது. நீங்கள் அங்கே போய்ச் சேர்ந்தபின் இதைக் கொண்டாடலாம். 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் என்பதையும் அப்போது மறக்காதீர்கள்.

வரி பேச்சு வந்ததால் கேட்கிறேன்: இந்த ஒன்றரை வருட ஃப்ரீலான்ஸ் வருமானத்தை ரிட்டர்னில் காட்டினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 2025-26-க்கு நிலையான கழிவு போகச் சம்பளத்தையும் ஃப்ரீலான்ஸ் வரவில் பாதியையும் கூட்டினால்கூட 10 லட்சத்துக்குள்தான் வருகிறது. ஐடிஆர்-4 படிவத்தில் இரண்டையும் காட்டுங்கள், வரி வராது. அதற்கு முந்தைய ஆண்டில் இந்த வரம்பு 7 லட்சம்தான். அப்போது விட்டிருந்தால் அப்டேட்டட் ரிட்டர்ன் போட்டு வரியைக் கட்டிவிடுங்கள். வெளிநாட்டுப் பணம் வங்கி வழியாகத்தான் வந்திருக்கிறது, மறைக்க முடியாது. நேர்மையைத் தாண்டி இதில் ஒரு லாபமும் உண்டு. நாளை எந்த வங்கிக்குப் போனாலும் சொந்தத் தொழில் செய்பவரிடம் கேட்பது இரண்டு, மூன்று ஆண்டு ரிட்டர்ன். அந்த வரலாறு வேலையில் இருக்கும்போதே ஓட ஆரம்பிக்கட்டும். அப்படியே உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரையும் எடுத்துப் பாருங்கள். வெளிவேலை கூடாது என்ற நிபந்தனை பல கம்பெனிகளில் உண்டு. இருந்தால் இந்த ஒன்பது மாதம் கவனமாக நடந்துகொள்ள வேண்டியிருக்கும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது அந்த ஆஸ்திரேலிய ஏஜென்சி. வரவில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே இடத்திலிருந்து வருகிறதென்றால் நீங்கள் இன்னும் ஃப்ரீலான்ஸர் ஆகவில்லை. பிஎஃப், லீவு, நோட்டீஸ் பீரியட் எதுவும் இல்லாத அவர்களுடைய ஊழியர், அவ்வளவுதான். அவர்கள் ஒரு வெள்ளிக்கிழமை மெயிலில் முடித்துக்கொண்டால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. வேலையை விடும் முன் எந்த ஒரு வாடிக்கையாளரும் மொத்த வரவில் 40 சதவீதத்தைத் தாண்டாத நிலைக்கு வாருங்கள். 45,000 என்பது 60,000 ஆவதைவிட எனக்கு இதுதான் முக்கியம். புதிதாக வெப்சைட் செய்து கொடுப்பதோடு நிற்காமல், செய்து கொடுத்த ஒவ்வொருவரிடமும் மாதாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் பேசுங்கள். மூவாயிரம், நாலாயிரம் என்று ஆறேழு பேர் தந்தால் மளிகையும் கரண்ட் பில்லும் அதிலேயே ஓடிவிடும்.

பனியன் கம்பெனி பாக்கிக்கு வருவோம். மத்திய அரசின் உத்யம் தளத்தில் சிறு தொழிலாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆதாரும் பானும் போதும், கட்டணம் கிடையாது. காசு கேட்கிற தளம் அரசுத் தளம் அல்ல. பதிவான குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லையென்றால் 15 நாளில் பணம் தர வேண்டும் என்பது சட்டம். தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி. இதற்கான அரசுத் தளத்தில் புகாரும் கொடுக்கலாம். ஆனால் புகாரைவிட நடைமுறையில் வேலை செய்வது வருமான வரிச் சட்டத்தில் வந்த 43பி(எச்) விதி: அந்தக் கெடுவுக்குள் தராத பாக்கியை, வேலையைச் செய்து வாங்கிய கம்பெனி அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது. அதனால் பில்லின் தலைப்பிலேயே உத்யம் எண்ணை அச்சிடுங்கள். மார்ச் மாதம் அவர்களுடைய ஆடிட்டரே "இதை முதலில் செட்டில் பண்ணுங்க" என்று சொல்லிவிடுவார். இதெல்லாம் பதிவுக்குப் பின் செய்யும் வேலைக்குத்தான் பயன்படும். பழைய 38,000-க்கு நேரில் போய் உட்கார்ந்து கேட்பதுதான் வழி. இனி 40 சதவீதம் முன்பணம் வாங்காமல் கோடிங் தொடங்காதீர்கள். கடைசி தவணை வந்தபிறகே சைட்டை லைவ் செய்யுங்கள்.

உள்ளூர் கம்பெனிகள் ஆண்டுக்கு 50,000-க்கு மேல் தந்தால் பெரும்பாலும் 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டிய வரிப் பிடித்தம்) பிடிப்பார்கள். ரிட்டர்ன் போட்டால் திரும்பி வரும், ஆனால் மாதங்கள் ஆகும். பட்ஜெட்டில் அதை வந்த பணமாக எண்ண வேண்டாம்.

ஏன் ஒன்பது மாதம் என்கிறேன்? 5 ஆண்டு முடிந்தால் கிராஜுவிட்டி 75,000 ரூபாய். 4 ஆண்டு 240 நாள் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று உண்டு. எல்லா எச்ஆரும் அதை ஒப்புக்கொள்வதில்லை. 75,000-க்காக வழக்குப் போடுவீர்களா? நாளை எண்ணி ஐந்தை முடித்துவிட்டுக் கடிதம் கொடுங்கள்.

அந்த இடைவெளியில் செய்ய வேண்டியதில் மருத்துவக் காப்பீடுதான் முதல் வேலை. குரூப் பாலிசி கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். அப்பாவுக்குப் புதிதாக எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்க்கு 3 ஆண்டு வரை காத்திருப்புக் காலம் போடலாம். அதனால் குரூப் பாலிசி தரும் அதே இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் தனி பாலிசிக்கு மாற்றித் தரச் சொல்லி, காத்த காலத்தைக் கணக்கில் எடுப்பார்களா என்று எழுத்தில் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ, ஆயுள் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி இல்லை என்பது ஒரு சின்ன ஆறுதல். டேர்ம் பாலிசி (இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) இல்லையென்றால் அதையும் இப்போதே எடுங்கள். சம்பளச் சீட்டு இருக்கும்போது ஒரு கோடி கவர் கேட்டால் எளிதில் தருவார்கள். அப்புறம் ரிட்டர்ன் ரிட்டர்னாகக் கேட்பார்கள்.

வீட்டுக் கடனில் மட்டும் நான் வழக்கமான ஆலோசனைக்கு எதிர்ப்பக்கம். "வேலையில் இருக்கும்போதே லோன் போட்டுவிடு, அப்புறம் ராஜினாமா பண்ணு" என்பார்கள். கடன் கிடைக்கும், சந்தேகமில்லை. ஆனால் மாறி மாறி வரும் வருமானத்தின் மேல் மாறாத ஓர் இஎம்ஐயை ஏற்றினால், முதல் மந்தமான மாதத்திலேயே யார் என்ன ரேட் சொன்னாலும் தலையாட்ட வேண்டியிருக்கும். உங்கள் வேலைக்கு நீங்களே விலை சொல்லலாம் என்பதுதான் ஃப்ரீலான்ஸில் இருக்கும் பெரிய நன்மை. இஎம்ஐ முதலில் அதைத்தான் பறிக்கும். வீடு வேண்டுமென்றால் வேலையில் இருங்கள். வேலையை விடுவதென்றால் வீட்டை மூன்று ஆண்டு தள்ளிப் போடுங்கள். இரண்டும் ஒரே வருடத்தில் வேண்டாம்.

எஃப்டியில் இருக்கும் 3.2 லட்சம் ஏழு மாதச் செலவுக்கு வரும். ஒன்பது மாதமும் ஃப்ரீலான்ஸ் பணத்தைத் தொடாமல் சேர்த்தால் இன்னொரு 4 லட்சம். அது இருந்தால் பயமின்றி இறங்கலாம். விட்ட பிறகு எல்லா வரவும் ஒரு கணக்கில் விழட்டும். அதிலிருந்து ஒன்றாம் தேதி 45,000-ஐ வீட்டுக் கணக்குக்கு மாற்றுங்கள். ஒரு லட்சம் வந்த மாதமும் அதே 45,000-தான். இந்த ஏற்பாட்டை மனைவியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பிஎஃப் பணத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள். இரண்டு கம்பெனியும் சேர்த்து, 5 ஆண்டு முடியும்போது பென்ஷன் திட்டத்தில் உங்களுக்கு 8 ஆண்டு ஆகியிருக்கும். பென்ஷனுக்கு 10 வேண்டும். சென்னைக் கம்பெனியின் பழைய கணக்கு இப்போதைய யுஏஎன்னோடு (பிஎஃப்பின் பொது எண்) சேர்ந்திருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். சேரவில்லையென்றால் வேலையில் இருக்கும்போதே மாற்றிக்கொள்வது சுலபம். இரண்டு வருடம் கழித்து நல்ல வேலை ஒன்று வந்து திரும்பிப் போனால் மீதி இரண்டு ஆண்டும் சேர்ந்துவிடும். திரும்பிப் போவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. போகாவிட்டால் 10 ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு, அந்தச் சேவைக் காலத்தைப் பதிவாக வைத்திருக்கும் ஸ்கீம் சர்டிஃபிகேட் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.