ரெண்டாவது சரணத்தில் கிதார் கார்டு எங்கே மாறும்?

கேள்வி: மாஸ்டர், கிதாரில் ஜி, சி, டி, ஈ மைனர்னு நாலு கார்டும் (சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒண்ணா மீட்டுறது) இப்போ தடுமாறாம வருதுங்க. ஆனா என்கிட்ட இருக்கிற பாட்டுத் தாளில் பல்லவிக்கும் முதல் சரணத்துக்கும் மட்டும்தான் கார்டு போட்டிருக்கு. ரெண்டாவது சரணம் வெறும் வரிதான். முதல் சரணத்தில் எத்தனையாவது வார்த்தையில் மாறுதோ, அதே வார்த்தையில் மாத்தினா இடிக்குது. என்ன பண்றதுங்க?
– கல்லூரி மாணவி, கோபிசெட்டிபாளையம்

பதில்: வார்த்தையை எண்ணாதே அம்மிணி, தாளத்தை எண்ணு. நம்ம சினிமாப் பாட்டு பெரும்பாலும் மெட்டுக்கு எழுதினது. ரெண்டு சரணத்துக்கும் மெட்டு ஒண்ணுதான், அடிக்கணக்கும், அதாவது தாளத்தட்டோட எண்ணிக்கையும், ஒண்ணுதான். வார்த்தை உடையிற இடம் மட்டும்தான் வேற.

உனக்காக நானே ரெண்டு வரி கட்டியிருக்கேன். முதல் சரணம்: 'நொய்யல் கரையில் தென்னை அசையுது'. ஒரு அடிக்கு ஒரு துண்டாச் சொல்லு: நொய்-யல்-கரை-யில், தென்-னை-அசை-யுது. முதல் நாலு அடி ஜி, அடுத்த நாலு அடி சி. சி விழுறது மூணாவது வார்த்தையில். ரெண்டாவது சரணம்: 'அங்கே வெள்ளியங்கிரி மேகம்'. அங்-கே-வெள்-ளி, யங்-கிரி-மே-கம். இப்போ சி எங்கே வருது பாரு. 'வெள்ளியங்கிரி'க்கு நட்ட நடுவில், 'யங்' மேல. நீ மூணாவது வார்த்தையான 'மேகம்' வர்ற வரைக்கும் காத்திருந்தா ரெண்டு அடி பிந்திப்போகும். இடிக்கிறது அதனாலதான்.

உங்க ஊர்ப்பக்கம் வள்ளிக்கும்மி பார்த்திருப்பே. பாடறவர் எந்த வார்த்தையில் இருந்தாலும் கைதட்டு அதன் இடத்தில்தான் விழும். கார்டும் அப்படித்தான்.

அதனால கிதாரைக் கீழே வெச்சுட்டு, முதல் சரணத்தை வார்த்தையில்லாம 'தன்னன்னா'ன்னு பாடிக்கிட்டே காலால் தாளம் போடு. கார்டு மாறுற அடி மனசில் பதிஞ்சப்புறம் ரெண்டாவது சரணத்தின் வரியை அதே தாளத்தில் சொல்லு. அந்த அடியில் எந்த எழுத்து வருதோ அதன் தலைமேல் பென்சிலில் கார்டை எழுது. அது வார்த்தையின் நடுவா இருந்தாலும் பரவாயில்லை.

முக்கியமா ஒண்ணு. சில வரி தாளத்துக்கு முன்னாடியே கிளம்பிடும். கர்நாடக சங்கீதத்தில் அதீத எடுப்புன்னு சொல்றது இதைத்தான். முதல் சரணம் சரியா அடியில் தொடங்கி, ரெண்டாவது 'அட'ன்னு ஒரு சொல்லை முன்னாடியே போட்டுட்டு வரும். அந்தச் சொல்லுக்குப் பழைய கார்டே ஓடட்டும். அடி விழுந்தப்புறம் மாத்து.

அடிக்கணக்கு சரியா இருந்தும் ஒரு இடம் மட்டும் உறுத்தினா, அங்கே மெட்டையே கொஞ்சம் திருப்பியிருப்பாங்க. ஹெட்போன் மாட்டி, வேகத்தை 0.75-க்குக் குறைச்சு, பேஸ் கிதாரை, அதாவது அடியில் கனமா ஒலிக்கிற கிதாரை, மட்டும் கேளு. பெரும்பாலும் அது நிக்கிற ஸ்வரம்தான் கார்டோட பேர். சி போடற இடத்தில் பாட்டு பி ஸ்வரத்தில் நீண்டு நிக்குதுன்னா ஈ மைனரைப் போட்டுப் பாரு. சி-யில் இருக்கிற ஈ, ஜி ரெண்டும் அதிலயும் உண்டு, கூடவே பி-யும் உண்டு.

சரணத்தின் கடைசி வரியை மட்டும் தனியாக் கேட்டுக்கோ. பல்லவிக்குத் திரும்பறதுக்காக அங்கே டி-யை இன்னொரு நாலு அடி இழுத்துப் பிடிக்கிறது உண்டு.