அண்டார்டிகா கப்பல் பயணம்: கரையில் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள்

கேள்வி: நானும் கணவரும் அறுபதை நெருங்குகிறோம். அண்டார்டிகாவில் பென்குயினும் திமிங்கலமும் பார்க்க ஆசை. 11 நாள் பயணத்துக்கு இரண்டு கப்பல்களைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்றில் 110 பயணிகள், இன்னொன்றில் 450. பெரியதில் கட்டணம் குறைவு. எனக்குப் பஸ்ஸில் போனாலே குமட்டும், அவருக்கு முழங்கால் வலி. எந்தக் கப்பல், எந்த மாதம்?

பதில்: கட்டணத்தை 11 நாளால் வகுத்துப் பார்த்திருப்பீர்கள். கரையில் நிற்கப்போகும் மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள், கணக்கே மாறிவிடும்.

ஓர் இடத்தில் ஒரே சமயத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் இருக்கக் கூடாது என்பது அங்கே விதி. 20 பேருக்கு ஒரு வழிகாட்டி வேண்டும். 500 பேருக்கு மேல் ஏற்றிவரும் கப்பல் ஒருவரைக்கூட இறக்க முடியாது. 1991-இல் தொடங்கிய ஐயாட்டோ என்ற சுற்றுலா நடத்துநர் சங்கம் இதைக் கறாராகக் கடைப்பிடிக்கிறது. 110 பேர் கப்பலில் பத்துப் பேர் கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் போனாலே மீதிப் பேர் எல்லாரும் ஒன்றாக இறங்கலாம். ஓர் இறக்கத்துக்கு, அதாவது ஒருமுறை கரையிறங்குவதற்கு, இரண்டரை மணி நேரம்வரை கிடைக்கும். 450 பேர் என்றால் ஐந்து அணி. ஒருவருக்கு ஒரு மணி நேரம் கிடைத்தாலே பெரிது. சில நாள் ஒரே ஓர் இறக்கம்தான்.

11 நாளில் முதல் நாள் மாலை அர்ஜென்டினாவின் தென்கோடித் துறைமுகமான உஷுவாயாவில் ஏறுவீர்கள், கடைசி நாள் காலை இறங்குவீர்கள். தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவே உள்ள ட்ரேக் நீரிணையைக் கடக்கப் போக இரண்டு நாள், வர இரண்டு நாள். மிச்சம் ஐந்து நாள். நாளுக்கு இரண்டு வீதம் பத்து வாய்ப்பு. காற்றும் பனிக்கட்டியும் அதில் ஒன்றிரண்டைத் தின்றுவிடும். ஆகவே எங்கள் ஓட்டு 110-க்குத்தான்.

ஆனால் சின்னக் கப்பல் ட்ரேக்கில் கூடுதலாக ஆடும், அதை மறைக்க வேண்டாம். கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் இருக்கும் கேபினை எடுங்கள். மேல்தளத்து பால்கனி அறைக்குத்தான் விலையும் அதிகம், ஆட்டமும் அதிகம். கப்பல் மாலையில் கிளம்பி, அமைதியான பீகிள் கால்வாயைத் தாண்டி நள்ளிரவு வாக்கில் திறந்த கடலைத் தொடும். இரவுச் சாப்பாட்டு வேளையில் கடல் தட்டையாக இருக்கிறதே என்று மாத்திரையைத் தள்ளிப்போடுபவர்கள்தான் விடியலில் அவதிப்படுவார்கள். வாந்தி தொடங்கிய பிறகு விழுங்கும் மாத்திரை வயிற்றில் தங்காது. காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமைன் பட்டை மூன்று நாள் வேலை செய்யும். கடல் ஆடத் தொடங்குவதற்குக் குறைந்தது நாலு மணி நேரம் முன்பே ஒட்டிவிட வேண்டும். ஒட்டியதும் கையைக் கழுவுங்கள். அந்தக் கை கண்ணில் பட்டால் பாவை விரிந்து பார்வை மங்கும். கண் அழுத்த நோயோ சிறுநீர் கழிப்பதில் சிரமமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

ட்ரேக்கே வேண்டாம் என்றால் சிலியின் புன்டா அரினாஸிலிருந்து அண்டார்டிகா பக்கமுள்ள கிங் ஜார்ஜ் தீவுக்கு இரண்டு மணி நேர விமானம் உண்டு. மூடுபனி இறங்கினால் அது பறக்காது. பெட்டி எடையிலும் கெடுபிடி. கையில் இரண்டு மூன்று நாள் உபரியாக இல்லாதவர்களுக்கு இது சரிப்படாது.

இனி முழங்கால். கப்பலின் பக்கவாட்டு ஏணியில் இறங்கி, சோடியாக் ரப்பர் படகில் ஏற வேண்டும். படகில் நிற்பவரின் உள்ளங்கையைப் பிடிக்காதீர்கள்; ஈரக் கையுறை வழுக்கும். அவர் முன்கையை நீங்களும் உங்கள் முன்கையை அவரும் பற்றிக்கொள்வதுதான் முறை. அதற்கு இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும், கேமரா முதுகுப்பையில் போகட்டும். கரையில் குதிக்கத் தேவையில்லை: படகின் விளிம்பில் உட்கார்ந்தபடியே முன்பக்கம் நகர்ந்து, இரு கால்களையும் வெளியே போட்டு, ஆழமில்லாத நீரில் இறங்குவார்கள். மழை பேண்ட்டின் அடிப்பகுதி பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும். உள்ளே திணித்தால் அலையில் தெறிக்கும் நீர் வழிந்து நேராகப் பூட்ஸுக்குள் போகும். பிறகு இறக்கம் முழுக்க விறைத்த பாதம்தான்.

பறவைக் காய்ச்சல் வந்தபின் இன்னொரு சிக்கல். எச்5என்1 கிருமி 2023-இல் தெற்கு ஜார்ஜியா தீவிலும், 2024 தொடக்கத்தில் அண்டார்டிகா நிலப்பரப்பிலும் உறுதியானது. அதனால் கரையில் உட்காரவோ மண்டியிடவோ பையைத் தரையில் வைக்கவோ அனுமதி இல்லை. கால் வலிக்காரருக்கு இதுதான் பெரிய சோதனை. ஆனால் படகுகள் இடைவிடாமல் போய்வந்துகொண்டே இருக்கும். ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுகிறேன் என்று வழிகாட்டியிடம் இறங்கும்போதே சொல்லிவிடலாம். கரைக்கே போகாமல் படகிலேயே சுற்றும் நாள்களும் உண்டு. சிறுத்தை சீலும் திமிங்கலமும் கைக்கெட்டும் தூரத்தில் தெரிவது பெரும்பாலும் அப்போதுதான்.

பென்குயினிடமிருந்து 5 மீட்டர், ஃபர் சீலிடமிருந்து 15 மீட்டர் விலகி நிற்க வேண்டும். பனியில் உங்கள் கால் புதைந்து குழி விழுந்தால் மூடிவிட்டு நகருங்கள். பென்குயின் அதில் விழுந்தால் ஏறி வர முடியாமல் மாட்டிக்கொள்ளும்.

மாதம்? பிப்ரவரி முதல் பாதி. நவம்பரில் பனி வெள்ளை வெளேரென்று படத்துக்கு அழகு, ஆனால் ஆழமான பனியில் நடப்பது முழங்காலுக்கு ஆகாது, குஞ்சும் இருக்காது. டிசம்பர் கடைசியிலிருந்து குஞ்சு பொரிக்கும். பிப்ரவரியில் அவை வளர்ந்து துரத்தி விளையாடும், கூனல்முதுகுத் திமிங்கலங்களும் பெருகும். கூட்டிடங்கள் சேறும் எச்சமுமாக நாறும், அதற்கு மனதைத் தயார் செய்யுங்கள். பேரரசப் பென்குயினை இந்தப் பாதையில் எதிர்பார்க்காதீர்கள். ஜென்டூ, சின்ஸ்ட்ராப், அடேலி இவைதான்.

பார்க்கா என்ற கனத்த குளிர் அங்கியும் பூட்ஸும் பெரும்பாலும் கப்பலிலேயே கிடைக்கும், மழை பேண்ட் உங்களுடையது. உள்ளே மெரினோ கம்பளி, மேலே பிளீஸ். பருத்தி ஈரமானால் குளிரைக் கூட்டும், தவிருங்கள். முதல் இறக்கத்துக்கு முன் துணி, பை எல்லாவற்றையும் வாக்வம் போட்டுச் சோதிப்பார்கள். வெல்க்ரோவில் சிக்கிய புல் விதையை ஊசியால் எடுக்க அரை மணி ஆகும், வீட்டிலேயே முடித்துவிடுங்கள்.

கப்பலில் இருப்பது சிறு மருத்துவ அறைதான். அவசரத்தில் ஆளை வெளியேற்றும் செலவைக் காப்பீடு வெளிப்படையாக ஏற்க வேண்டும். தினசரி மருந்து இரட்டிப்பாகக் கைப்பையில் இருக்கட்டும். புவெனஸ் ஐரிஸில் எசெய்சா, ஏரோபார்க் என இரண்டு விமான நிலையங்கள். பன்னாட்டு விமானம் ஒன்றிலும் உஷுவாயா விமானம் மற்றதிலும் இருக்கலாம். கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது, ஒரு நாள் முன்னதாகவே உஷுவாயா போய்விடுங்கள்.

முன்பணம் கட்டும் முன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: அந்தப் பயணத்தில் அதிகபட்சம் எத்தனை பயணிகள், எத்தனை அணியாக இறக்குவீர்கள், படகுகளும் வழிகாட்டிகளும் எத்தனை? ‘வானிலையைப் பொறுத்தது’ என்பதைத் தவிர வேறு பதில் வராவிட்டால் அடுத்த கப்பலைப் பாருங்கள்.