அவன் வேண்டாம் என்றான், நீங்களும் நின்றுவிட்டீர்கள்

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறோம். மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, அமெரிக்கக் கால்பந்து அணியில் ஆடுகிறான். இந்த ஆண்டு புது கோச் வந்தார். 7 ஆட்டத்தில் 6 தோல்வி. மூன்றாவது தோல்விக்குப் பிறகு மகனே வர வேண்டாம் என்றதால் நாங்கள் மைதானத்துக்குப் போவதில்லை. காரில் 40 நிமிடம்தான், ஆனாலும் டிவியில் பார்க்கிறோம். கோச்சை நீக்கச் சொல்லிக் கல்லூரிக்குக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பலாமா? இல்லை மகனை வேறு கல்லூரிக்கு மாற்றிவிடலாமா?

பதில்: கோச் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். நிக் சேபன் என்ற கோச் அலபாமா பல்கலைக்கழக அணிக்கு வந்த முதல் வருஷம், 2007-ல், லூசியானா மன்ரோ என்ற சின்ன அணியிடம் சொந்த மைதானத்திலேயே தோற்றார். 2009-ல் தேசிய சாம்பியன். ஸ்காட் ஃப்ராஸ்ட் என்ற இன்னொரு கோச் 2018-ல் நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணியில் முதல் ஆறு ஆட்டத்தையும் தோற்றார், கடைசிவரை தேறவே இல்லை, 2022-ல் வேலை போனது. உங்கள் ஆள் இதில் எந்த ரகம் என்று ஏழு ஆட்டத்தை வைத்து யாரும் சொல்ல முடியாது, டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிற நீங்கள் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

அந்த 40 நிமிடத்துக்கு வருகிறேன். போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், எனக்கு அதற்கு மேல் படிக்கவே மனசு வரவில்லை. பையன் வர வேண்டாம் என்றானாம், நீங்களும் சரி என்று நின்றுவிட்டீர்களாம். தோற்கிற பிள்ளை வேறு என்ன சொல்வான்? காய்ச்சலில் படுத்திருப்பவன் சாப்பாடு வேண்டாம் என்றால் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவீர்களா? ஆட்டம் முடிந்து, தோளில் ஐஸ் வைத்து பிளாஸ்டிக் சுற்றிக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு வீரர்கள் ஒவ்வொருவராக வெளியே வருவார்கள். வேலிக்குப் பக்கத்தில் அவரவர் வீட்டார் நிற்பார்கள், ஒரு தாத்தா மடக்கு நாற்காலியோடுகூட நிற்பார். உங்கள் மகன் அவர்களைத் தாண்டி நேராக பஸ் நிறுத்தத்துக்கு நடக்கிறான். ஜெயித்திருந்தால் அந்த 40 நிமிடம் உங்களுக்குத் தூரமாகத் தெரிந்திருக்காது என்பது அவனுக்குத் தெரியாதா என்ன? பெற்றவர்கள் ஜெயிக்கிற பக்கம் பார்த்து நிற்கிறவர்களாக இருக்கக் கூடாது, இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

கல்லூரி மாற்றுவது அவன் எடுக்க வேண்டிய முடிவு. வேறு அணிக்குப் போக வாசல் இப்போது ஜனவரியில்தான் திறக்கிறது, அதனால் இன்று ராத்திரி எதுவும் ஆகப்போவதில்லை. ஒன்று மட்டும் விசாரிக்கச் சொல்லுங்கள்: மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது பட்டப்படிப்பில் 40 சதவீதம் முடித்திருந்தால்தான் ஆட முடியும், இங்கே படித்த பாடங்களையெல்லாம் புதுக் கல்லூரி ஏற்றுக்கொள்ளாவிட்டால் அங்கேயும் பெஞ்சில்தான் உட்கார வேண்டும்.

கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள். அப்பா எழுதிய கடிதம் உடை மாற்றும் அறைவரை போய்ச் சேர்ந்தால் அவன் கதி என்ன என்று யோசித்தீர்களா? வருகிற சனிக்கிழமை மனைவியையும் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள், அவனிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். முகத்தைச் சுளித்து "எதுக்குப்பா வந்தீங்க" என்பான். பையை வாங்கிக்கொள்ளுங்கள், காரில் கோச் பேச்சை எடுக்காதீர்கள்.