இரண்டாம் வாய்க்காலில் ஓடும் பிழைச்செய்தி

கேள்வி: அண்ணா, மல்லாவிப் பக்கம் ஒரு நெல் கொள்வனவு நிலையத்தில் வேலை செய்கிறேன். மின்தராசை ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினியுடன் இணைத்திருக்கிறோம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கிரொன் (நேரம் பார்த்து நிரல்களைத் தானாக ஓட்டுவது) ஒரு பைதன் நிரலை ஓட்டும். அது அச்சிடும் எடையை >> போட்டு ஒரு கோப்பில் சேர்க்கிறோம். காலபோக அறுவடையில் சனம் மூட்டையோடு வரிசையில் நிற்கும் நாட்களில் பார்த்து, இடையிடையே பதிவே இல்லை. கையால் ஓட்டினால் ஒழுங்காக ஓடுகிறது. பிழை என்று எங்கேயும் ஒன்றும் இல்லை. அதை சிஸ்டம் லொக்கில், அதாவது கணினியின் பதிவேட்டில், விழ வைப்பது எப்படி?

பதில்: பிழை வந்திருக்கிறது தம்பி. வாங்கி வைக்கத்தான் ஆளில்லை.

ஓடுகிற எந்த நிரலுக்கும் மூன்று வழிகள் திறந்திருக்கும். 0 உள்ளே வருவதற்கு, 1 வழக்கமான வெளியீட்டுக்கு, 2 பிழைக்கு. நீங்கள் திரைக்கு முன்னால் இருந்து ஓட்டும்போது 1, 2 இரண்டும் அதே திரையில் வந்து விழுவதால் வித்தியாசம் தெரியாது. உங்கள் >> பிடிப்பது 1ஐ மட்டும். மிஞ்சிய 2ஐ கிரொன் மின்னஞ்சலாக அனுப்பப் பார்க்கும். உங்கள் பெட்டியில் மின்னஞ்சல் அனுப்பும் மென்பொருள் இருக்காது. டெபியன் என்ற லினக்ஸின் வழிவந்த அமைப்புகளில் அப்போது கிரொன் ‘நோ எம்டிஏ இன்ஸ்டோல்ட், டிஸ்கார்டிங் அவுட்புட்’ என்று லொக்கில் ஒரு வரி எழுதிவிட்டு, பிழைச்செய்தியைத் தூக்கி எறிந்துவிடும். சிஸ்டம் லொக்கைச் சேர்த்து வைக்கும் ஜேர்னலில் கிரொனின் வரிகளைத் தேடிப் பாருங்கள். அநேகமாக அந்த வரி கிடக்கும்.

சரி, பிடிப்பது எப்படி? கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் அடியுங்கள். கிரொன் வரியின் கடைசிப் பகுதி இப்படி வரவேண்டும்:

பைதன்3 தராசு.பை 2>&1 >>எடை.சிஎஸ்வி | லொகர் -டி தராசு -பி யூசர்.எர்

லொகர் என்பது தன்னிடம் வரும் ஒவ்வொரு வரியையும் சிஸ்டம் லொக்கில் போடும் சின்னக் கட்டளை. -டி (ஆங்கில t) நாம் வைக்கும் அடையாளப் பெயர், -பி (ஆங்கில p) செய்தியின் கடுமை. -பி போடாவிட்டால் எல்லாம் ‘நோட்டிஸ்’ என்ற சாதாரண அறிவித்தலாகப் போய்விடும், பிறகு பிழையைப் பிரித்தெடுக்க முடியாது.

அந்த வரியில் 2>&1 முன்னாலும் >> பின்னாலும் இருப்பதைக் கவனியுங்கள். அநேகமானவர்கள் வழுக்கி விழும் இடம் இது, நானும் விழுந்திருக்கிறேன். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்தவர்களுக்கு இதைச் சொல்லி விளங்கப்படுத்துவது லேசு: வழி 1, 2 இரண்டையும் இரண்டு வாய்க்கால்களாக நினையுங்கள். 2>&1 என்றால் ‘இந்த நேரத்தில் முதலாம் வாய்க்கால் எங்கே பாய்கிறதோ, அங்கேயே இரண்டாம் வாய்க்காலையும் திருப்பிவிடு’ என்று அர்த்தம். இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுவது இல்லை. குழாய்க்குறி ( | ) முதலில் வேலை செய்வதால் முதலாவது ஏற்கெனவே லொகர் பக்கம் பாய்கிறது. இரண்டாவதும் அங்கே திரும்புகிறது. அதற்குப் பிறகு முதலாவதை மட்டும் கோப்புக்குத் திருப்புகிறோம். எடை கோப்புக்கு, பிழை லொக்குக்கு. வரிசையை மாற்றி >>எடை.சிஎஸ்வி 2>&1 என்று எழுதினால் இரண்டும் கோப்புக்குள் போய், எடைக் கணக்குக்கு நடுவில் பைதன் புலம்பல் கிடக்கும். லொகர் வெறும் வாயை மெல்லும். ஒரு பால் சேகரிப்பு நிலையத்தில் நான் இப்படி எழுதிவிட்டு, இரண்டு கிழமையாக ‘லொக்கில் ஒன்றும் இல்லை, எல்லாம் சுகம்’ என்று திரிந்தேன்.

அப்புறம் பார்ப்பதற்கு: ஜேர்னல்சிடிஎல் -டி தராசு -பி எர்.

கிரொனை விட்டு, லினக்ஸில் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின் டைமருக்கு மாறினால் பிழைச்செய்தி தானாகவே ஜேர்னலுக்குப் போகும், குழாய் ஒன்றும் வேண்டாம். எனக்குப் பிடித்தது அதுதான். ஆனால் ஒரு பொறி இருக்கிறது. வழி 2இல் வந்தாலும் சிஸ்டம்டி அந்த வரிகளுக்கு ‘இன்ஃபோ’ என்ற கடுமையைத்தான் இயல்பாகக் கொடுக்கும். -பி எர் போட்டுத் தேடினால் கண்ணில் படாது. நிரலே வரியின் தொடக்கத்தில் <3> என்று அச்சிட்டால் மட்டும் அதைப் பிழையாக எடுத்துக்கொள்ளும். எர் என்பதற்கு 3 தான் எண்.

இனி, கரண்ட். நம் பக்கத்தில் இதைப் பேசாமல் லொக்கைப் பற்றிப் பேச முடியாது. /வார்/லொக்/ஜேர்னல் என்ற கோப்புறை இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் ஜேர்னல் நினைவகத்தில் மட்டும் இருந்து, கரண்ட் போனதும் அழிந்துவிடும். இருந்தாலும் முழு நிம்மதி இல்லை. சாதாரணப் பிழை வரிகளை ஜேர்னல் 5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் எஸ்டி கார்டில் உறுதியாகப் பதிக்கும். அதற்குள் கரண்ட் போனால் கடைசி வரிகள் போய்விடலாம், நமக்கு வேண்டியதும் அவைதான். ஜேர்னல்டி அமைப்புக் கோப்பில் சிங்க்இன்டர்வல்செக் என்பதை 30 விநாடிக்குக் குறைக்கலாம். எஸ்டி கார்டு கொஞ்சம் கூடத் தேயும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் நிரலுக்கு அது பெரிய விலை இல்லை.

பை 4இல் மின்கலத்தோடு ஓடும் கடிகாரமும் இல்லை. இணையம் வரும்வரை பழைய நேரத்தையே காட்டும். ஆகவே நேரத்தை வைத்துத் தேடாமல் ஜேர்னல்சிடிஎல் -பி -1 என்று அடித்து, கரண்ட் போவதற்கு முந்திய ஓட்டத்தைப் படியுங்கள். இந்த -பி முன்னே வந்த p இல்லை, கவனம், இது ‘பூட்’ (boot) என்பதில் வரும் சின்ன b.

எனக்கு ஒரு சந்தேகம். மூட்டை ஏற்றி இறக்கும் அவசரத்தில் தராசின் யூஎஸ்பி வயர் ஆடிக் கழன்று திரும்பப் பொருந்தும்போது, டிடிஒய்யூஎஸ்பி0 என்று இருந்த பெயர் டிடிஒய்யூஎஸ்பி1 ஆக மாறிவிடலாம், நிரல் பழைய பெயரைத் தேடிக்கொண்டிருக்கும். லொக்கில் ‘நோ சச் ஃபைல்’ என்று வந்தால் அநேகமாக அதுதான். அப்போது பெயரை /டெவ்/சீரியல்/பை-ஐடி கோப்புறைக்குள் இருப்பதாக மாற்றிவிடுங்கள், வயர் எத்தனை தரம் கழன்றாலும் அது மாறாது.