சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலை போகும் ஜீப் பாதை ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி இருக்கிறதே, ஏன்?

கொழுக்குமலை தேனி மாவட்டம்தான். வண்டி ஏறுவதென்னவோ கேரளப் பக்கம். பாதையைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர், ஜீப் அதற்கு வாய்க்கால் வெட்டிக் கொடுக்கிறது. ஏற்றத்தில் சக்கரம் வழுக்கிச் சுற்றினால் மண் பறிந்து தடம் பள்ளமாகும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு. இரண்டிலும் அந்தப் பள்ளத்தில்தான் வெள்ளம் இறங்கும். பொடிமண் அடித்துப்போய்க் கல் மட்டும் துருத்தி நிற்கும். சாண் உயரப் படி முழங்கால் உயரமாகி, வண்டியின் அடிப்பாகம் தட்டும்.

எப்போதும் மோசமாகவே போகாது. பள்ளத்தில் கல்லை அடுக்கி நாலைந்து வண்டி ஏறினால் இறுகிவிடும். அதை விட்டு ஓரமாகப் புதுத்தடம் போடுகிறார்களே, அதுதான் என் கணக்கில் பெரிய கெடுதல்: புல் போகும், அடுத்த மழைக்கு ஓடை இரண்டாகும்.

கிளம்புமுன் ஜீப் டிரைவரிடம், “அண்ணே, கடைசியா எப்ப மழை பெஞ்சது?” என்று கேளுங்கள்.