எமிலி டிக்கின்சன் உயிரோடு இருந்தபோது ஏன் கவிதைத் தொகுப்பு எதையும் வெளியிடவில்லை?

யாரும் கண்டுகொள்ளவில்லை என்பது பாதி உண்மைதான். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஆம்ஹர்ஸ்டில் 1830இல் பிறந்த கவிஞர் எமிலி, 1862இல் தாமஸ் ஹிக்கின்சன் என்ற எழுத்தாளருக்குத் தானாகவே நான்கு கவிதைகளை அனுப்பி, இவற்றுக்கு உயிர் இருக்கிறதா என்று கேட்டார். அவரோ வெளியிடுவதைத் தள்ளிப்போடச் சொன்னார்.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. தன் வரியில் அடுத்தவர் கை வைப்பதை எமிலி தாங்க மாட்டார். 1866இல் ஒரு நாளிதழ், பாம்பைப் பற்றிய அவருடைய கவிதையைப் பெயர் போடாமல் அச்சிட்டது. மூன்றாம் வரியின் முடிவில் ஒரு கேள்விக்குறி! அடுத்த வரிக்கு ஓட வேண்டிய வரி அங்கேயே நின்றுபோனது. இதைச் சொல்லி ஹிக்கின்சனிடம் வருத்தப்பட்டிருக்கிறார்.

அதற்காகச் சும்மா இருந்துவிடவில்லை. தாள்களை மடித்து, கவிதைகளை நல்ல பிரதியாக எழுதி, ஓரத்தில் துளையிட்டு நூலால் கட்டிவைத்தார். அப்படி 40 கையெழுத்துச் சிற்றேடுகள். இறுதிக் காலத்தில் பழைய கடித உறைகளின் உட்புறத்தில்கூட எழுதினார். 1886இல் அவர் இறந்தபிறகு, தங்கை லவீனியா இந்தக் குவியலைக் கண்டெடுத்தார். மொத்தம் ஏறத்தாழ 1,800 கவிதைகள்.

முதல் தொகுப்பு 1890இல் வந்தது. அதிலும் பதிப்பாசிரியர்கள் சொற்களை மாற்றி, தலைப்புகள் சேர்த்து, வரிகளுக்கு நடுவே அவர் இடும், அவருக்கே உரிய சிறு கோடுகளை (—) நீக்கிவிட்டார்கள். இது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். 1955இல் தாமஸ் ஜான்சன் பதிப்பில்தான் அவை திரும்பின. அதனால் புதிதாகப் படிப்பவர்கள் ஜான்சன் பதிப்பையோ, 1998இல் வந்த ஃபிராங்க்ளின் பதிப்பையோ தேடி எடுங்கள்.